ரெட் டெவில் தாது: பாதரசத்தைச் செறிவூட்ட வேண்டுமா, நேராக உலைக்கே அனுப்பலாமா?

கல்லும்மண்ணும்

எல்லோருக்கும் வணக்கம். கனிமப் பதப்படுத்தலில் எம்.டெக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு "பாதரசத் தாதுக்களைச் செறிவூட்டும் முறைகள்: ஆய்வகச் சோதனை" என்று தலைப்பு கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் பாதரசச் சுரங்கம் கிடையாது என்பதால் உதாரணத்துக்கு அலாஸ்காவின் ரெட் டெவில் சுரங்கத்தை எடுத்துக்கொண்டேன். குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் 1933ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1971 வரை விட்டு விட்டு ஓடிய இடம். சின்னபாரும் (பாதரச சல்பைடு, நம் சாதிலிங்கம்தான்) ஸ்டிப்னைட்டும் (ஆன்டிமனி சல்பைடு) ஒரே நரம்பில் கலந்து கிடக்கும் தாது.

என் சந்தேகம் அடிப்படையானது. சின்னபாரை 600, 700 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும், கந்தகம் ஆக்சிஜனோடு போய்விடும், பாதரசம் ஆவியாக வரும், குளிர்வித்தால் திரவ உலோகம் கையில். ஒழுங்காக ஓடும் உலையில் 95 சதவீத மீட்சி (தாதுவில் இருந்த பாதரசத்தில் கைக்கு வந்த பங்கு) சாதாரணம் என்கிறார்கள். அப்படியிருக்க, அதற்கு முன்னால் வெற்றுக்கல்லைக் கழிக்க அரைத்து, மிதக்கவிட்டு, வடிகட்டி என்று இத்தனை பாடு எதற்கு? ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்புதானே?

மில்_ஷிப்ட்

தம்பி, நல்ல கேள்வி. பாதரசத்தில் நீண்ட காலம் யாரும் செறிவூட்டலைச் சீண்டாததற்குக் காரணமே நீங்கள் சொன்னதுதான். நுரை மிதப்பில் (தாதுக் குழம்பில் காற்றைச் செலுத்தி, வேண்டிய கனிமத்தை நுரையோடு எடுப்பது) 90 சதவீதம், அந்தச் செறிவை ரிடார்ட்டில் (மூடிய சிறு உலை) போட்டு 97 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 87 சொச்சம். நேரடி உலை 95. காகிதக் கணக்கில் உலைதான் ஜெயிக்கும்.

ஆனால் உலைக்குள் போவது என்ன என்று பாருங்கள். தாதுவில் 0.4 சதவீதம் பாதரசம் இருந்தால் ஒரு டன்னில் 4 கிலோ. அந்த 4 கிலோவுக்காக 996 கிலோ வெற்றுக்கல்லையும் செந்தணல் வரைக்கும் சூடேற்றுகிறீர்கள். எண்ணெய் செலவு ஒரு பக்கம். எரிவாயு, நீராவி, தூசி எல்லாம் பாதரச ஆவியோடு சேர்ந்து குளிர்விப்பான் குழாய்க்குள் போகிறது. தூசி அதிகமானால் பாதரசம் நல்ல துளியாகச் சேராது, கரிப்புகையோடு கலந்து கருஞ்சேறாகப் படியும். அதில் சுண்ணாம்பைப் போட்டுக் கிளறிக் கிளறித்தான் உலோகத்தைப் பிரிக்க வேண்டும். பழைய சுரங்கங்களில் ஆட்கள் பாதரச நஞ்சுக்கு ஆளானதில் இந்தச் சேறு கிளறும் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்பெயினின் அல்மாடென் போன்ற இடத்தில் தாதுவிலேயே பல சதவீதம் பாதரசம் இருந்ததால் இந்தக் கேள்வி எழவே இல்லை. அமெரிக்கச் சுரங்கங்கள் பெரும்பாலும் டன்னுக்கு ஐந்து கிலோவுக்கும் கீழே இருந்ததால்தான் ஆய்வகங்கள் இதில் இறங்கின.

வேதி_வாத்தியார்

மில்_ஷிப்ட் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரெட் டெவிலில் கேள்வி பாதரசத்தின் அளவைப் பற்றியது மட்டும் அல்ல. ஸ்டிப்னைட் 550 டிகிரியிலேயே உருகிவிடும். சின்னபார் ஆவியாகும் வெப்பநிலை அதற்குச் சற்று மேலே. ஆக, பாதரசம் கிளம்புவதற்குள் உலைக்குள் ஸ்டிப்னைட் உருகி, கல்லோடு கல்லை ஒட்டிக் கட்டியாக்கிவிடும். அப்புறம் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆன்டிமனி ட்ரைஆக்சைடாக ஆவியாகி, பாதரசம் படிய வேண்டிய அதே குழாயில் வெள்ளைத் தூளாகப் படியும். அங்கே ரியல்கர், ஆர்ப்பிமென்ட் ஆகிய ஆர்சனிக் கனிமங்களும் உண்டு. அவையும் அதே வழியில் போகும்.

எனவே ரெட் டெவிலைப் பொறுத்தவரை "செறிவூட்டலா, உலையா" என்பதை விட "உலைக்குப் போகும் முன் ஆன்டிமனியைக் கழற்ற முடியுமா" என்று கேட்பதுதான் பொருத்தம். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1950களில் சின்னபார்–ஸ்டிப்னைட் தாதுவில் ஆய்வகச் சோதனைகள் செய்ததும் இதற்காகத்தான்.

கல்லும்மண்ணும்

ரொம்ப நன்றி சார். இந்தக் கோணத்தை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் புவியீர்ப்பு முறை போதுமே? சின்னபாரின் அடர்த்தி 8.1. வெற்றுக்கல்லான குவார்ட்ஸ் 2.65. இவ்வளவு இடைவெளி வேறு எந்தத் தாதுவில் கிடைக்கும்? ஷேக்கிங் டேபிளில் (தண்ணீர் ஓடும், குலுங்கும் சாய்மேசை) போட்டால் தானாகப் பிரிந்துவிடாதா?

மில்_ஷிப்ட்

கணக்குப் போடுவோம். இரண்டு அடர்த்தியிலிருந்தும் தண்ணீருக்காக ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும்.

சின்னபார் எதிர் குவார்ட்ஸ்: 7.1 வகுத்தல் 1.65, அதாவது 4.3. இரண்டரைக்கு மேல் இருந்தாலே எளிது என்போம், இது அபாரம்.

சின்னபார் எதிர் ஸ்டிப்னைட் (அடர்த்தி 4.6): 7.1 வகுத்தல் 3.6, அதாவது 2க்குச் சற்றுக் கீழே. பருமனான துகளில் முடியும். நுண்துகளில் வாய்ப்பு குறைவு.

ஆகவே டேபிள் கல்லைக் கழிக்கும், ஆன்டிமனியைக் கழிக்காது. ஸ்டிப்னைட்டும் கனமான பக்கமே போய்ச் சேரும்.

அதைவிடப் பெரிய தொல்லை கடினத்தன்மை. சின்னபார் 2, 2.5. நகத்தால் கீறினாலே சமயத்தில் கோடு விழும். கூடவே பிளவுத் தளங்கள் வேறு. பால் மில்லில் (குண்டுகள் உருளும் அரவை இயந்திரம்) குவார்ட்ஸ் அரைபடும் நேரத்துக்குள் இது மாவாகிவிடும். 50 மைக்ரானுக்குக் கீழே போன துகளை டேபிள் பிடிக்காது, அடர்த்தி எட்டாக இருந்தாலும் தண்ணீரோடு ஓடிவிடும். போதாததற்கு, தட்டையான நுண்செதில்கள் தண்ணீரின் மேற்பரப்பிலேயே மிதந்து போகும். தட்டில் (பேன்) அலசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓரத்தில் அழகான சிவப்பு வால் நிற்கும், அதே சமயம் வழிந்த தண்ணீரின் மேலே ஒரு சிவப்புப் படலமும் போய்க்கொண்டிருக்கும். அந்தப் படலத்தைக் கணக்கில் சேர்க்காமல் "மீட்சி நன்று" என்று எழுதிய அறிக்கைகள் எத்தனையோ!

குவாரிக்காரன்

நான் பாதரசம் பார்த்ததில்லை, கிரஷர் ஆள். ஆனால் இதைக் கேட்டதும் தோன்றியது: மென்மையான கனிமம் முதலில் உடையும் என்றால், கிரஷரிலிருந்து வரும் தூளிலேயே அது அதிகம் சேர்ந்திருக்க வேண்டுமே? வெறும் சல்லடை போட்டாலே பாதி வேலை முடியாதா?

மில்_ஷிப்ட்

குவாரிக்காரரே, அதேதான்! சிறிய பாதரசச் சுரங்கங்கள் உண்மையிலேயே இதைச் செய்தன. உடைத்து, சலித்து, தூளை உலைக்கு அனுப்பிவிட்டு, பெரிய கல்லைக் கையால் பொறுக்கி வெற்றுக்கல்லைத் தள்ளிவிடுவது. இயந்திரம், ரசாயனம் எதுவும் வேண்டாம்.

தம்பி, உங்கள் சோதனை வரிசையில் இதை முதலாவதாக வையுங்கள். தாதுவை 12 மி.மீ.க்கு உடையுங்கள், நாலைந்து சல்லடையில் பிரியுங்கள், ஒவ்வொரு பிரிவிலும் எடையையும் பாதரசத்தையும் எடுங்கள். உதாரணத்துக்கு 3 மி.மீ.க்குக் கீழே 30 சதவீத எடை விழுந்து, அதில் மொத்தப் பாதரசத்தில் 60 சதவீதம் இருந்தால், காசு செலவில்லாமல் தரம் இரண்டு மடங்காகிவிட்டது. எல்லாத் தாதுவிலும் இப்படி வராது. சின்னபார் நரம்பாக, பொறுக்காக இருந்தால் வரும். கல்லின் துளைகளுக்குள் நுண்ணியதாகப் பரவியிருந்தால் எல்லா அளவிலும் ஒரே தரம்தான் காட்டும்.

கையால் பொறுக்கும்போது ஓர் எச்சரிக்கை. சின்னபார் மெல்லிய பூச்சாகக் கல் மேல் படிந்திருக்கும். பார்த்தால் முழுக் கல்லும் சிவப்பு, எடுத்துச் சோதித்தால் கால் சதவீதம்கூட இருக்காது. அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் இதைப் "பெயின்ட்" என்றே சொல்வார்கள். கண்ணை நம்பி நிறைய பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

தென்றல்_லேப்

அரசு ஆய்வகம் ஒன்றில் தாது சோதனை பார்த்த அனுபவத்தில் இரண்டு வார்த்தை.

பாதரசத்தில் முறையைச் சோதிப்பதற்கு முன்னால் மாதிரியைச் சோதிக்க வேண்டும். கனமான, மென்மையான கனிமம். கரண்டியால் அள்ளினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ரிஃபிளில் (மாதிரியைச் சமமாகப் பங்கிடும் கருவி) பொறுமையாகப் பிரிக்காவிட்டால் ஒரே மூட்டையிலிருந்து எடுத்த இரண்டு பங்கும் இரண்டு பதில் சொல்லும்.

அரைக்கும்போது சின்னபார் பால் மில்லின் சுவரிலும் குண்டுகளிலும் அப்பிக்கொள்ளும். முடிந்ததும் சுத்தமான குவார்ட்ஸ் மணலைப் போட்டு அரைத்துப் பாருங்கள், மணல் ரோஸ் நிறமாக வெளியே வரும். அந்த ரோஸ் உங்கள் முந்தைய சோதனையின் இழப்பு, அடுத்த சோதனையின் பொய். ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் மணல் ஓட்டுவது கட்டாயம்.

உலர்த்துவது இன்னொன்று. நான் இருந்த இடத்தில் ஒருவர் வழக்கம்போல எல்லா மாதிரியையும் 110 டிகிரி உலர்த்தும் அடுப்பில் இரவு முழுக்க வைத்துவிட்டார். சின்னபாருக்கு அந்தச் சூட்டில் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தத் தாதுவில் தனி உலோகப் பாதரசமும் துளித்துளியாக இருந்தது. அது ஆவியாகி, பக்கத்துத் தட்டில் இருந்த வேறு மாதிரிகள் வரைக்கும் போய்விட்டது. 60 டிகிரிக்குக் கீழே, தனி அடுப்பில், வெளியேற்றும் விசிறியோடு உலர்த்துங்கள்.

கல்லும்மண்ணும்

அக்கா, பாதரச அளவை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பழைய அறிக்கைகளில் "தங்க மூடி" என்று வருகிறது, புரியவில்லை.

தென்றல்_லேப்

அது எஷ்கா முறை. கொஞ்சம் தாதுவை இரும்புத் துருவலோடும் சுண்ணாம்போடும் கலந்து சிறிய மூசையில் வைத்து, மேலே தங்கத் தகட்டை மூடியாகப் போட்டு, தகட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் நிற்கும்படி செய்வார்கள். கீழே சூடாக்கினால் இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், பாதரச ஆவி மேலே போய்த் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மூடியை முன்னும் பின்னும் எடை போட்டால் முடிந்தது. அப்புறம் மெதுவாகச் சூடாக்கிப் பாதரசத்தை ஓட்டிவிட்டு, அதே மூடியை மறுபடி பயன்படுத்தலாம்.

வெகு அழகான முறை, ஆனால் பாதரசம் குறைவாக இருந்தால் எடை வித்தியாசம் தராசுக்குள் அடங்காது. கழிவு மாதிரிகளுக்குப் பாதரசத்தைக் காய்ச்சி வடித்து, தயோசயனேட் டைட்ரேஷன் செய்வார்கள். இப்போது குளிர் ஆவி அணு உறிஞ்சல் முறை இருக்கிறது. நேரடியாக எரித்து அளக்கும் கருவியும் வந்துவிட்டது.

கழிவின் அளவீடு ஏன் முக்கியம் என்றால், தலைத்தாது (ஆலைக்குள் போகும் தாது) 0.40, செறிவு 40, கழிவு 0.045 சதவீதம் என்று வந்தால் மீட்சி 88.9. கழிவை மட்டும் 0.060 என்று அளந்திருந்தால் 85.1. புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கம் வரைக்கும் போய் நிற்கிற சின்ன வித்தியாசம் நான்கு சதவீத மீட்சியை விழுங்கிவிடுகிறது. "எந்தக் கலெக்டர் (கனிமத்தை நுரையில் ஒட்ட வைக்கும் ரசாயனம்) நல்லது" என்று இரண்டு சதவீத வித்தியாசத்தை வைத்துச் சண்டை போடும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

கல்லும்மண்ணும்

சரி, நுரை மிதப்புக்கு வருகிறேன். சாந்தேட் என்ற கலெக்டரைப் போட்டால் இரண்டு சல்பைடும் சேர்ந்து மிதக்காதா? எப்படிப் பிரிப்பது?

மில்_ஷிப்ட்

ஸ்டிப்னைட் கொஞ்சம் சோம்பேறி. ஈய நைட்ரேட் கொடுத்துத் தூண்டினால்தான் சாந்தேட்டோடு நன்றாக மிதக்கும். சின்னபாருக்கு ஈயம் தேவையில்லை. வேண்டுமானால் கொஞ்சம் காப்பர் சல்பேட் உதவும். காரத்தன்மையை ஏற்றினால் ஸ்டிப்னைட்டின் மேற்பரப்பே கரைய ஆரம்பித்து, இன்னும் அமுங்கிப்போகும். இந்த இரண்டு குணத்தையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது: முதலில் காஸ்டிக் சோடா போட்டுச் சின்னபாரை எடுப்பது, பிறகு பிஎச்சை இறக்கி, ஈய நைட்ரேட் போட்டு ஸ்டிப்னைட்டை எடுப்பது.

மிதப்புத் தொட்டியில் (செல்) ஓட்டும்போது கண் வேண்டும். முதல் நிமிடத்தில் நுரை நல்ல செந்நிறமாகத் தடித்து வரும். போகப் போக அந்தச் சிவப்பில் ஈயப் பென்சில் சாம்பல் நிறம் கோடு கோடாகக் கலக்கும். அதுதான் ஸ்டிப்னைட் ஏறுகிற அடையாளம். எல்லா நுரையையும் ஒரே தட்டில் வழிக்காமல் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று தனித்தனித் தட்டில் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பாதரசம், ஆன்டிமனி இரண்டையும் அளந்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

சாந்தேட் டன்னுக்கு 50 கிராமிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் முயற்சியிலேயே 200 போடுவது மாணவர்களின் வழக்கம். எல்லாம் மிதக்கும், எதுவும் பிரியாது.

அரைப்பதையும் படிப்படியாக வையுங்கள். கொஞ்சம் அரை, விடுபட்ட சின்னபாரை மிதக்கவிட்டு எடு, மீதியை மறுபடி அரை. ஒரே மூச்சில் அரைத்தால் முதலிலேயே விடுபட்டது முழுக்கச் சேறாகிவிடும்.

வேதி_வாத்தியார்

கரைத்துப் பிரிக்கும் வழியையும் விட்டுவிடாதீர்கள். பி.எஸ்ஸி. உப்புப் பகுப்பாய்வு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் தொகுதி வீழ்படிவை மஞ்சள் அம்மோனியம் சல்பைடில் போட்டால் ஆன்டிமனி கரையும், மெர்க்குரிக் சல்பைடு கரையாது. தாதுவிலும் அதே வேதியியல்தான். சோடியம் சல்பைடோடு தாராளமாகக் காஸ்டிக் இருந்தால் சின்னபார் கரைந்துவிடும். காஸ்டிக் இல்லாமல் ஹைட்ரோசல்பைடு மட்டும் என்றால் கரையாது. ஸ்டிப்னைட்டோ வெறும் காஸ்டிக்கிலேயே கரையும். எனவே முதலில் ஆன்டிமனியை வெளியேற்றி, பிறகு பாதரசத்தைக் கரைக்கும் வரிசையைச் சோதித்துப் பார்க்கலாம். கரைந்த பாதரசத்தை அலுமினியத் தூள் போட்டு இறக்கலாம், ஆன்டிமனியை மின்பகுப்பில் எடுக்கலாம்.

1970 வாக்கில் பணியகத்தின் ரீனோ ஆய்வகம் வேறு வழியில் போனது. தாதுக் குழம்பில் உப்பைப் போட்டு மின்சாரம் பாய்ச்சினால் குழம்புக்குள்ளேயே ஹைப்போகுளோரைட் உண்டாகும். அது சின்னபாரை ஆக்சிஜனேற்றம் செய்து கரைக்கும். உலை வேண்டாம், ஆவி இல்லை. ஆனால் குளோரின் சின்னபாரை மட்டும் தேடிப் போகாது, பைரைட்டும் கரிமப் பொருளும் இருந்தால் அவையும் பங்கு கேட்கும்.

நாட்டுவைத்தியம்1

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் கிடைக்கிறதே, அதை வாங்கித் தம்பி சோதனை செய்ய முடியாதா? அலாஸ்காவுக்கா போக வேண்டும்?

தென்றல்_லேப்

வேண்டாம் ஐயா. கடையில் வருவது பெரும்பாலும் பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துப் பதங்கமாக்கிச் செய்த கட்டி. அதில் பிரிப்பதற்குக் கல்லே இல்லை, அதனால் செறிவூட்டல் சோதனைக்கு அர்த்தமில்லை. கல்லூரி ஆய்வகத்தில் அரைத்தால் தூள் பறக்கும், யாராவது சூடாக்கியும் பார்ப்பார்கள். 20 டிகிரியில் பாதரச ஆவியால் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம் இருக்கும். வேலையிடத்துக்கு இப்போது சொல்லப்படும் வரம்பு 0.025. ஐந்நூறு மடங்கு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001ல் மூடப்பட்டது, மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு எத்தனை ஆண்டு நீண்டது என்று நமக்குத் தெரியும்.

தம்பி, கை பழக வேண்டுமானால் கலீனாவை (ஈய சல்பைடு) எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி 7.5, கடினத்தன்மை 2.5, சாந்தேட்டில் நன்றாக மிதக்கும், அரைத்தால் இதே மாதிரி சேறாகும். குவார்ட்ஸோடு கலந்து சல்லடை, டேபிள், மிதப்பு மூன்றையும் ஓட்டலாம். ஈயம் என்பதால் கையுறை, முகக்கவசம் வேண்டும், ஆனால் அறை வெப்பநிலையில் ஆவியாகாது.

கல்லும்மண்ணும்

இது அருமை அக்கா. எங்கள் லேபில் ராஜஸ்தான் ஜாவர் பக்கத்துக் கலீனா இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இவ்வளவு சோதித்தார்களே, சுரங்கத்தில் உண்மையில் பயன்பட்டதா?

மில்_ஷிப்ட்

பயன்பட்டது, ஆனால் தாமதமாக. 1965ல் பாதரசம் ஒரு குடுவைக்கு (34.5 கிலோ) 500 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் பழைய சுரங்கங்கள் எல்லாம் உயிர் பெற்றன. ரெட் டெவிலில் 1969 வாக்கில்தான் மிதப்பு ஆலை வந்தது, செறிவை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அதற்குள் விலை இறங்க ஆரம்பித்துவிட்டது, 1971ல் சுரங்கம் மூடல். இன்று அங்கே நடப்பது ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம் கலந்த கழிவைச் சுத்தம் செய்யும் வேலை.

நெவாடாவின் மெக்டெர்மிட் இதைவிட நல்ல உதாரணம். 1975ல் திறந்த குழிச் சுரங்கமாகத் தொடங்கி, மிதப்புச் செறிவை மட்டும் உலைக்கு அனுப்பி, 1990 வரை ஓடியது. பாதரசத்துக்காகவே நடந்த கடைசி அமெரிக்கச் சுரங்கம் அது. அங்கே சின்னபாரோடு கார்டராய்ட் என்ற குளோரின் கலந்த கனிமமும் உண்டு. கிர்கிஸ்தானின் கைதர்கானில் பாதரசம், ஆன்டிமனி, ஃபுளோரைட் மூன்றும் கலந்த தாது. ரெட் டெவில் பிரச்சினையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017ல் அமலுக்கு வந்தபின், அதை ஏற்ற நாடுகளில் புதுப் பாதரசச் சுரங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இனி இந்தச் சோதனைகள் உதவப்போவது பழைய கழிவு மேடுகளுக்குத்தான்.

கல்லும்மண்ணும்

அப்படியானால் செமினாரை இந்த வரிசையில் வைக்கிறேன்: சல்லடைச் சோதனை, டேபிள், படிப்படி மிதப்பு, கரைத்தல், கடைசியில் நேரடி உலையோடு ஒப்பீடு. ஒவ்வொன்றுக்கும் செறிவின் தரமும் மீட்சியும் ஒரே வரைபடத்தில்.

வேதி_வாத்தியார்

வரைபடத்தில் பாதரசத்தை மட்டும் போடாதீர்கள். செறிவுக்குள் எத்தனை சதவீத ஆன்டிமனி போனது என்ற கோட்டையும் அதன் மேலேயே போடுங்கள். 92 சதவீத மீட்சி என்று கைதட்டல் வாங்கிய சோதனையில் ஆன்டிமனியும் 80 சதவீதம் கூடவே போயிருந்தால், உலைக்காரனுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

தென்றல்_லேப்

கூடவே தலைத்தாதுவில் நேராக அளந்த பாதரசமும், எல்லாப் பிரிவையும் கூட்டி வந்த பாதரசமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். கேள்வி கேட்பவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.